துக்கம் கேட்க வரலாம்

குவைத்
24 செப்டம்பர் 1983

கர்த்தருக்குள் அன்பான அண்ணி ஹேலானாவுக்கு, வஹீப் எழுதுவது. நீங்களும் ஃபீபியும் சுசன்னாவும் சுகமா என்று கேட்கவே கை வரவில்லை. நான் உயிரோடு இருக்கிறேன், அவ்வளவுதான்.

ஐந்தாவது மாடியில் குளியலறைக்குத் தரைக்கல் பதித்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்து ஊர் கமால் படியேறி வந்து, “வஹீபு, அந்தக் கரண்டியக் கீழ வை” என்றான். வைத்த பிறகுதான் சொன்னான். நஸீம் அண்ணனைப் புதைத்துப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. நம் தெருவில் எல்லோரும் அழுது முடித்த பிறகு நான் இங்கே தனியாக அழ ஆரம்பித்தேன்.

அண்ணனை அடித்துக் கொன்ற ஃபானூஸ் சிறையில் இருக்கிறானாம். சர்க்கார் அவனை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். நம் வேலை வேறு. அவன் தம்பி ஸாஹிர் வெளியே நடமாடிக்கொண்டிருக்கிறான். அண்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஆகவே அந்தப் பொறுப்பு யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

நான் வந்து அதை முடிக்கும்வரை துக்கம் கேட்க யாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள். முன்கூடத்தைத் திறக்கக்கூடாது, யாருக்கும் காப்பி ஊற்றக்கூடாது. பழி தீராத வீட்டில் துக்கம் கேட்டால் பழியை விட்டுவிட்டோம் என்று அர்த்தம், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆய்யாத் பெரியப்பா சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள். வாயைத் திறக்காமல் இருங்கள். ஈஸ்டருக்கு முன் எனக்கு லீவு கிடைக்காது, கெய்ரோ ரயில் ஏற முடியாது.

பிள்ளைகளை என் பேர் சொல்லி முத்தமிடுங்கள்.

உங்கள் கொழுந்தன்,
வஹீப்


நஸ்லத் ஜும்மேஸ்
12 அக்டோபர் 1983

ஆண்டவரின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும், தம்பி வஹீப். நாங்கள் மூவரும் உடம்பால் சுகம். நீ சாப்பிடுகிறாயா? கமாலிடம் கேட்டனுப்பினேன், ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்றான்.

நடந்ததை யாராவது சரியாகச் சொன்னார்களா தெரியவில்லை. செப்டம்பர் ஒன்பது, வெள்ளிக்கிழமை. காலையில் உன் அண்ணன் மடைப்பக்கம் போனார். மண்வெட்டி எடுத்துப்போகவில்லை, வெறுங்கையோடு போனார். நம் முறைத் தண்ணீரை அன்றைக்கு ஃபானூஸுக்கே விட்டுக்கொடுக்கப்போவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ஃபானூஸ் அவர் வருவதைப் பார்த்து வேறு எதுவோ நினைத்துக்கொண்டான். ஒரே அடி. அடித்தவன் ஓடவில்லை. போலீஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தானாம். அவன் ஏன் அப்படி நினைத்தான் என்பதை நான் இங்கே எழுதவில்லை.

ஊர் வழக்கப்படி கருப்பு உடுத்தியிருக்கிறேன். வாயைத் திறக்காமல் இருக்கச் சொன்னாய், அது மட்டும் முடியாது. பதினெட்டாம் தேதி நாற்பதாம் நாள். அன்றைக்கு முன்கூடத்தைத் திறந்து, பெஞ்சுகளை வாசலில் போட்டு, சர்க்கரை போடாத காப்பி காய்ச்சி, துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு நானே ஊற்றப்போகிறேன். உனக்கு யார் யாரோ எழுதுவார்கள். முதலில் என் கையெழுத்தில் வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

ஹேலானா


குவைத்
2 நவம்பர் 1983

ஹேலானாவுக்கு,

பெரியப்பாவின் கடிதமும் உங்கள் கடிதமும் ஒரே நாளில் வந்தன. திறந்தே விட்டீர்களாமே. இங்கே நம் ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் ஒரே அறையில் இருக்கிறோம். நேற்றிலிருந்து என் முகத்தைப் பார்த்து யாரும் பேசுவதில்லை. ஒருவன் மட்டும் கேட்டான், “உங்க வீட்ல இப்ப ஆம்பள யாருடா, உங்க அண்ணியா?” அவனை அடித்தேன். அடித்ததால் அவன் கேட்டது பொய்யாகிவிடவில்லை.

என் அண்ணனின் இரத்தத்தை விட்டுக்கொடுக்க நீங்கள் யார்?

வஹீப்


நஸ்லத் ஜும்மேஸ்
20 நவம்பர் 1983

தம்பி வஹீப்புக்குச் சமாதானம். சுகமா என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், சுகம்தான்.

நான் யார் என்று கேட்டாய். பதினாறு வருஷம் உன் அண்ணன் பக்கத்தில் படுத்தவள். செத்தவரைக் குளிப்பாட்டியவள். அந்தத் தலைக்காயத்தை என் கையால் கழுவினேன். விட்டுக்கொடுக்க என்னைவிட உரிமை உள்ளவர் யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

அன்றைக்கு நடந்ததைப் பெரியப்பா எப்படி எழுதினார் என்று தெரியாது. நடந்தது இதுதான். விடிந்ததும் நானும் ஃபீபியும் பெஞ்சுகளை இழுத்துப் போட்டோம். முதலில் வந்தவர் அவர்தான், துக்கம் கேட்க இல்லை.

“பழி தீராத வீட்ல காப்பியா? கொழுப்பாடி உனக்கு?”

“காய்ச்சிட்டேன் மாமா. ஆறிப்போகுது, குடிங்க.”

“பொம்பள தொறக்குற கூடமா இது?”

“ஆம்பளைங்க தொறக்கலையே மாமா.”

தட்டைத் தட்டிவிட்டார். நாலு கோப்பை உடைந்தது. ஃபீபி துண்டுகளைப் பொறுக்கினாள். நான் மறுபடியும் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.

பத்து மணிவரை ஒரு ஈ, காக்கை இல்லை. தெருவில் எல்லா ஜன்னலும் ஒரு விரற்கடை திறந்திருந்தது. பிறகு ஹஜ் போய்வந்த பக்கத்து வீட்டு ஸக்கியா பாட்டி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். “நாப்பது நாளா உன் வாசலையே பாத்துக்கிட்டிருக்கேன்டி, எப்பத் தொறப்பேன்னு. இந்த முட்டிய வச்சுக்கிட்டு எத்தன தடவ எந்திரிச்சுப் பாக்குறது?” என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்தார். நம் கோயில்காரி ஒருத்தியும் வராதபோது ஒரு முஸ்லிம் கிழவி முதல் கோப்பையைக் குடித்தார்.

நம் கோயில் குரு அபூனா மீசாயிலைப் பற்றிச் சொல்லவேண்டும். முந்தின நாளே அவரிடம் போயிருந்தேன். “கொஞ்சம் பொறு மகளே, ஊரு ஆறட்டும்” என்றார். “அபூனா, பரமண்டல ஜெபத்துல தப்பு செஞ்சவங்கள மன்னிக்கிற வரி வர்றப்ப நீங்க நிறுத்தி, ஊரு ஆறட்டும்னு சொல்றீங்களா?” என்று கேட்டுவிட்டு வந்தேன். மதியத்துக்குமேல் வந்தார். தலையைக் குனிந்துகொண்டே வந்தார். ஆனாலும் வந்தார். குருவானவர் உட்கார்ந்ததைப் பார்த்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.

பொழுது சாயும்போது சந்து முனையில் ஒருத்தி நின்றாள், முக்காடு போட்டுக்கொண்டு. ஸாஹிரின் மனைவி இன்ஸாஃப். நானே எழுந்து போனேன்.

“உள்ள வா.”

“காலு வரமாட்டேங்குதுக்கா.”

“என் காலும்தான் வரல. வந்துட்டேன்ல?”

அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். அவள் பாதிக் கோப்பை குடித்தாள், பாதியைச் சிந்தினாள்.

இதுதான் நடந்தது. பதில் எழுது. திட்டியாவது எழுது.

ஹேலானா


நஸ்லத் ஜும்மேஸ்
28 டிசம்பர் 1983

தம்பி வஹீப், உனக்குச் சமாதானம். உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கமாலின் மனைவியிடம் கேட்டேன், நீ வேலைக்குப் போகிறாய் என்றாள். அதுவரை நிம்மதி.

நமக்குக் கிறிஸ்து பிறப்பு ஜனவரி ஏழில்தானே, நோன்பு நடக்கிறது. பருப்பும் ரொட்டியுமாகப் போகிறது. சுசன்னாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல், இப்போது தேவலை. பெரியப்பா நம் வாய்க்காலை அடைத்துவிட்டார். கோதுமை மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. கோயிலில் நான் உட்கார்ந்தால் அந்த பெஞ்சு காலியாகிவிடுகிறது. பிள்ளைகள் தாராளமாகக் கால் நீட்டி உட்காருகிறார்கள், அந்த மட்டில் லாபம்.

நீ என்னைப் புனிதவதி என்று நினைத்துவிடாதே, ஊரும் நினைக்கவில்லை. ஒன்றைச் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஜெபத்தில் மன்னிக்கிற அந்த வரியைத் தவறாமல் சொல்கிறேன். ஃபானூஸின் கை நினைவுக்கு வருகிறது. வாய் மன்னித்தேன் என்கிறது, உள்ளே ஒன்று இல்லை என்கிறது. போன வாரம் மாவு பிசையும்போது ஆண்டவரிடம் சத்தம்போட்டே சண்டை போட்டேன். “நஸீம எடுக்கிறப்ப என்னைக் கேட்டீரா? கேக்கல. இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். உம்ம பேச்சக் கேட்டு வாசலத் தொறந்துட்டேன். மிச்சத்த நீர்தான் தரணும். தர்ற வரைக்கும் விடமாட்டேன்.” ஃபீபி ஓடிவந்து யாரோடு பேசுகிறாய் என்று கேட்டாள். கடன்காரரோடு என்றேன்.

இன்னும் தரவில்லை. நானும் விடவில்லை.

பிறப்புத் திருநாளுக்கு வாழ்த்து.

ஹேலானா


குவைத்
20 ஜனவரி 1984

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான அண்ணிக்கு, வஹீப்பின் வணக்கங்கள். நான் நல்ல சுகம். நீங்களும் பிள்ளைகளும் அதுபோல் இருக்க வேண்டுகிறேன். முன்பு கோபத்தில் எழுதியதை மறந்துவிடுங்கள். நடந்தது நடந்துவிட்டது.

ஊருக்கு வரும் ஒருவரிடம் பிள்ளைகளுக்குப் பூப்போட்ட துணியும் உங்களுக்கு ஒரு சால்வையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். குளிருக்கு ஆகும்.

ஊர் எப்படி இருக்கிறது? வயல் வேலையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஸாஹிர் முன்போலவே விடியற்காலையில் மடைக்குப் போகிறானா, எத்தனை மணிக்குப் போவான்? கூட யாரும் போவதுண்டா? சும்மா கேட்டேன்.

ஈஸ்டருக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்துவிடும்.

என்றும் உங்கள் பிரியமுள்ள கொழுந்தன்,
வஹீப்


நஸ்லத் ஜும்மேஸ்
12 பிப்ரவரி 1984

தம்பி வஹீப்புக்கு ஆண்டவரின் சமாதானம். துணி வந்தது. சுசன்னாவுக்கும் மஞ்சள்தான் வேண்டும், ஃபீபிக்கும் மஞ்சள்தான் வேண்டும், ஒரே சண்டை. சால்வை நன்றாக இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எட்டு வயதில் அம்மா இல்லாமல் என் கைக்கு வந்தவன் நீ. பால் திருடிக் குடித்தால் அன்றைக்கு முழுவதும் என்னைப் “பிரியமான அண்ணி” என்பாய்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஸாஹிர் காலை ஐந்தரைக்கு மடைக்குப் போகிறான். கூட யாரும் போவதுண்டா என்று கேட்டாய். உண்டு. உன் கடிதம் வந்த மறுநாளிலிருந்து நான் போகிறேன். அவனுக்கு நாலு அடி முன்னால் நடக்கிறேன். முதல் நாள் அவன் பயந்துவிட்டான்.

“எதுக்குக்கா இது? ஊரு தப்பாப் பேசும்.”

“பேசியாச்சுப்பா. நீ நட.”

திரும்பி வந்து அவர்கள் வீட்டு முற்றத்து அடுப்பில் இன்ஸாஃபோடு ரொட்டி சுடுகிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு அங்கேதான் வருகிறார்கள். இருட்டியதும் அவன் கதவில் தாழ் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டுக்குப் போகிறோம். ஊரில் என்னை அவனுடைய இரண்டாம் தாரம் என்று ஆக்கிவிட்டார்கள். இன்ஸாஃபிடம் சொன்னேன். “வர்றதா இருந்தா பாத்திரம் கழுவுறது உங்க முறைக்கா” என்றாள். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆகவே நீ வரும்போது என்னை எங்கே தேடுவது என்று தெரிந்துகொள். நம் வீட்டில் இருக்கமாட்டேன்.

ஹேலானா


குவைத்
4 மார்ச் 1984

அண்ணி,

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஏப்ரல் 14 ஊரில் இருப்பேன். அந்த வீட்டில் இருக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வஹீப்


நஸ்லத் ஜும்மேஸ்
23 மார்ச் 1984

தம்பி,

இருப்பேன்.

பெரிய நோன்பின் நாலாவது வாரம். எல்லோரும் சுகம். வழியில் சளி பிடிக்காமல் வா, கெய்ரோ ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காராதே.

ஹேலானா


குவைத்
20 மே 1984

கர்த்தருக்குள் அன்பான அண்ணிக்கு, வஹீப். சுகம் கேட்டு எழுத எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

சொல்லிக்கொள்ளாமல் ஓடிவந்துவிட்டேன். ஈஸ்டர்கூட ஊரில் இருக்கவில்லை. நீங்கள் பார்த்தது பாதிதான். மீதியை எழுதுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை பெரியப்பா தன் துப்பாக்கியை என் கையில் வைத்து, நெற்றியில் முத்தமிட்டு அனுப்பினார். அங்கிக்குள் அது ஐஸ் மாதிரி இருந்தது. ஸாஹிரின் முற்றத்தில் நீங்கள் அடுப்பின் முன்னால், வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். முழங்கைவரை மாவு.

“வந்துட்டியா தம்பி. கையக் கழுவு, ரொட்டி சூடா இருக்கு.”

“எந்திரிங்க அண்ணி.”

“மாவுக் கையோட எங்க எந்திரிக்கிறது?”

ஸாஹிர் உள்ளேயிருந்து வந்தான். ஓடுவான் என்று நினைத்திருந்தேன். அவன் உங்கள் பின்னால் நின்று, “அக்கா, நீங்க தள்ளிக்கோங்க” என்றான். நீங்கள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது” என்றீர்கள். ஏதோ பாத்திரத்தை எடுக்க வந்தவனை அதட்டுகிற மாதிரி. அப்போதும் என் கை அங்கிக்குள்தான் இருந்தது. உங்களைத் தள்ளிவிட்டுச் சுட்டிருப்பேன், அண்ணி. பொய் சொல்லமாட்டேன்.

அப்போதுதான் ஸாஹிரின் அப்பா, அந்தக் கிழவர், சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். கண் சரியாகத் தெரியவில்லை போல. “யாரும்மா வந்திருக்கா?” என்று கேட்டார். “வஹீபு” என்றீர்கள்.

என் பேரைக் கேட்டதும் அவர் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போனது.

அது உங்களுக்குப் புரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். போன வருஷம் ஆகஸ்டில், நான் குவைத்துக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு, மடையில் சண்டை. தண்ணீர் முறை அவர்களுடையது. எனக்குத் தெரியும். தெரிந்தே வரப்பை வெட்டி நம் பக்கம் திருப்பினேன். கிழவர் வந்து தடுத்தார். பத்துப் பேர் பார்க்க அவர் கன்னத்தில் அறைந்தேன். தலைப்பாகை வாய்க்காலில் விழுந்தது. பிறகு விமானம் ஏறிவிட்டேன். ஒரு மாதம் கழித்து அண்ணன் அந்த வழியில் நடந்துபோனபோது, ஃபானூஸ் நான் அறைந்ததை நினைத்துக்கொண்டுதான் மண்வெட்டியைத் தூக்கியிருக்கிறான். அந்த அடி எனக்கு விழவேண்டியது. அதை அண்ணன் வாங்கினார்.

இதை யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான் பழி, பழி என்று கத்தினேன். ஸாஹிர் செத்துவிட்டால் எல்லாம் அவர்கள் தப்பாகிவிடும் என்று நினைத்தேன்.

அன்றைக்கு ஓடினேன். துப்பாக்கியைக் கால்வாயில் போட்டேன். பெரியப்பா என்னைக் கோழை என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார். சொல்லட்டும். இங்கே கோயிலுக்குப் போகிறேன், வாசல்வரை. நற்கருணை வாங்கிப் பத்து மாதம் ஆகிறது. எந்த முகத்தோடு போவது?

நீங்கள் என்னை வெறுத்தால் அது நியாயம். எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

வஹீப்


நஸ்லத் ஜும்மேஸ்
10 ஜூன் 1984

என் பிள்ளை வஹீப்புக்கு ஆண்டவரின் சமாதானம் நிறைய இருக்கட்டும். நாங்கள் சுகம். சுசன்னாவுக்கு முன்பல் விழுந்தது. ஃபீபி என் தோள் உயரம் வந்துவிட்டாள்.

எனக்குப் புரிந்திருக்காது என்று நினைத்தாயா? நீ விமானம் ஏறிய அன்றே எனக்குத் தெரியும். உன் அண்ணன் சொன்னார். ஒரு மாதம் அவருக்குத் தூக்கமில்லை. கிழவரைப் போய்ப் பார்க்கவேண்டும், தம்பிக்காக மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வெள்ளிக்கிழமை அதற்குத்தான் வெறுங்கையோடு போனார்.

நான் அதை உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ அந்த ஐந்தாவது மாடியிலிருந்து குதித்திருப்பாய்.

ஃபானூஸை மன்னிக்க முடியவில்லை என்று டிசம்பரில் எழுதினேனே, அது முழு உண்மை இல்லை. ஃபானூஸ் என் கண் முன்னால் நின்றதே இல்லை. நீதான் நின்றாய். உன்னைத்தான் மன்னிக்க முடியவில்லை. நான் ஊட்டி வளர்த்த கை அந்தக் கிழவரை அறைந்து என் புருஷனைக் கொன்றது என்று நினைத்தபடிதான் ஒவ்வொரு நாளும் மாவு பிசைந்தேன். நீ வந்து வாசலில் நின்றாயே, சாம்பல் பூத்த முகத்தோடு, அங்கிக்குள் கையை விட்டுக்கொண்டு. கையைக் கழுவு என்று என் வாயில் வந்தது. நான் யோசித்துச் சொன்னதில்லை. நான் சண்டை போட்டுக் கேட்டதை அந்த நிமிஷம் ஆண்டவர் கொடுத்துவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. உன்னை மன்னித்த பிறகு ஃபானூஸ் எனக்குக் கஷ்டமாகவே இல்லை.

போன வாரம் வழக்கு முடிந்தது. சாட்சிக்கூண்டில் என்னை ஏற்றினார்கள். பெரியப்பா அமர்த்திய வக்கீல், ஃபானூஸ் காத்திருந்து அடித்தான் என்று சொல்லச் சொன்னார். சொன்னால் தூக்கு. நான் நடந்ததைச் சொன்னேன். ஆகஸ்டில் நடந்ததையும் சொன்னேன், உன் பேரோடு. அதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. ஏழு வருஷம் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் பெரியப்பா காறித் துப்பினார். முக்காட்டால் துடைத்துக்கொண்டு, “வீட்டுக்கு வாங்க மாமா, வெயிலா இருக்கு” என்றேன். வரவில்லை. வாய்க்காலும் திறக்கவில்லை. ஸாஹிர் தன் வரப்பை வெட்டி எனக்குத் தண்ணீர் விடுகிறான்.

இப்போது உன் விஷயம். செப்டம்பர் ஒன்பதாம் தேதி நஸீமுக்கு முதல் வருஷப் பூசை. லீவு கேள். தரவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வா. காலையில் மடைக்குப் போவோம். எத்தனை பேர் பார்க்க அறைந்தாயோ அத்தனை பேரையும் நான் கூட்டிவருகிறேன், ஒவ்வொருவர் பேரும் என்னிடம் இருக்கிறது. அவர்கள் பார்க்க அந்தக் கிழவரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பாய். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாம் மன்னிப்புக் கேட்பது ஊரிடம் இல்லை. அங்கிருந்து நேரே பூசைக்கு.

எந்த முகத்தோடு போவது என்று கேட்டாய். உனக்கு இருப்பது ஒரு முகம்தான், அதோடு வா. நீ நற்கருணை வாங்கும்வரை நானும் வாங்கப்போவதில்லை என்று அபூனா மீசாயிலிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்படியெல்லாம் கோயில்ல சட்டம் கெடையாதும்மா” என்றார். “இல்லாட்டி என்ன அபூனா, இது நான் போட்ட சட்டம்” என்றேன்.

இரண்டு ஞாயிறு ஆகிவிட்டது. எல்லோரும் முன்னால் போகும்போது நான் உட்கார்ந்தே இருக்கிறேன். என்னை அதிக நாள் பசியோடு வைக்காமல் வந்து சேர்.

உன் அண்ணி,
ஹேலானா